நேரா உக்காரணும்னு நினைச்சாலும் பத்து நிமிஷத்துல மறந்துடுது, இதுல வலி எப்படி குறையும்?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவை சொல்லிடறேன். ரெண்டு வருஷமா கழுத்தும் வலது தோளும் வலிக்குது, நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. எம்ஆர்ஐ எடுத்ததுல கழுத்துல ஒரு டிஸ்க் லேசா தள்ளியிருக்கு, பெருசா பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. எக்சர்சைஸ் பண்ற வரைக்கும் பரவால்ல, விட்டா திரும்ப வந்துடுது. உடம்பைக் கவனிக்கக் கத்துக்குங்க, அசையுற பழக்கத்தை மாத்துங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அதுலேர்ந்து நேரா உக்கார ட்ரை பண்றீங்க, பத்து நிமிஷத்துல மறந்து பழையபடி கூன் விழுந்துடுது. இதெல்லாம் நிஜமா வேலை செய்யுமா, இல்ல சும்மா மனசைத் தேத்திக்கிறதான்னு கேக்குறீங்க. ஆனா நீங்க எழுதினதைப் படிக்கும்போது உள்ள இருக்கிற கேள்வி வேறன்னு எனக்குப் படுது. நான் என்ன பண்றேன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது, தெரியாத ஒண்ணை எப்படி மாத்துறது? அதுக்குத் தான் பதில் எழுதறேன்.

என்னைப் பத்தி ஒரு வரி. பிசியோதெரபி படிச்சேன், அப்புறம் அலெக்ஸாண்டர் டெக்னிக்ல, அதாவது அசையும்போது நம்மையறியாம போடுற இறுக்கத்தைக் கவனிச்சு விடக் கத்துக்கிற முறையில, பயிற்சி எடுத்து பல வருஷமா அதைச் சொல்லிக் கொடுத்துட்டு வரேன், மெதுவான சின்ன அசைவுகள் மூலமா கத்துக்கிற ஃபெல்டன்கிரைஸ் முறையும் கத்துக்கிட்டிருக்கேன். அதனால இந்தப் பக்கம் எனக்கு ஒரு சாய்வு இருக்கும், அதை ஞாபகம் வச்சுக்கிட்டே படிங்க. சுருக்கமா சொன்னா பலன் உண்டு, நிறைய பேருக்கு நல்லாவே உண்டு, ஆனா எல்லாருக்கும் கிடையாது, வலி அடியோட போயிடும்னு யாராலயும் உறுதி கொடுக்க முடியாது. இன்னொண்ணு, நீங்க இப்ப பண்ணிட்டு இருக்கிற நேரா உக்கார்ற முயற்சி இந்தப் பயிற்சியில சேராது. அது நீங்க ஏற்கனவே சுமக்குற இறுக்கத்து மேல இன்னொரு இறுக்கத்தை ஏத்துற வேலை.

ஏன் நமக்கே தெரிய மாட்டேங்குதுன்னு முதல்ல பாப்போம். கண்ணை மூடிக்கிட்டாலும் கை எங்க இருக்கு, முட்டி எவ்வளவு மடங்கியிருக்குன்னு தெரியுது இல்லையா, அதுக்குன்னு தனியா ஒரு புலன் இருக்கு. நரம்பு மண்டலத்தை ஆராய்ஞ்ச சார்லஸ் ஷெரிங்டன் 1906-ல இதுக்கு ப்ரோப்ரியோசெப்ஷன்னு பேர் வச்சார். தசை எவ்வளவு நீளுதுன்னு சொல்ற உணர்விகள் தசைக்குள்ளயே இருக்கு, இழுவிசையைச் சொல்றது தசைநாண்ல இருக்கு, மூட்டைச் சுத்தியும் தோல்லயும் இருக்கு, இதெல்லாம் ஓயாம மூளைக்கு சேதி அனுப்பிட்டே இருக்கும். இழுக்குறதையும் அழுத்துறதையும் நரம்பு சிக்னலா மாத்துற பியெஸோ2-ங்கிற புரதம் இந்தப் புலனுக்கு எவ்வளவு முக்கியம்னு இப்ப தெரியும், அந்த வகைப் புரதங்களைக் கண்டுபிடிச்சதுக்குத் தான் ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021-ல மருத்துவ நோபல்ல பங்கு கிடைச்சது. இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு இருந்தும் ஏன் கோட்டை விடுறோம்னா, மூளை மாற்றத்தைத் தான் கவனிக்கும், மாறாம வந்துட்டே இருக்கிற சேதியை ஓரங்கட்டிடும். ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் நின்னப்புறம் தான் இவ்வளவு நேரம் அது ஓடிட்டு இருந்ததே நமக்கு உறைக்கும், தோள் இறுக்கமும் அப்படித் தான். வருஷக்கணக்கா தோளைக் கொஞ்சம் தூக்கியே வச்சிருந்தா அது தான் உங்களுக்கு நடுநிலை. அதை இறக்கி விட்டா என்னமோ சரியில்லாத மாதிரி இருக்கும்.

இதை உடனே சோதிச்சுப் பாக்கலாம். எந்திரிச்சு நின்னு கண்ணை மூடிக்கிட்டு அந்த இடத்துலயே பத்து அடி நடங்க, நின்னதும் ரெண்டு பாதமும் நேரா முன்னாடி பாத்த மாதிரி இருக்குன்னு தோணுற வரைக்கும் சரி பண்ணுங்க, அப்புறம் கண்ணைத் திறந்து குனிஞ்சு பாருங்க. நிறைய பேருக்கு ஒரு பாதம் வெளிப்பக்கம் திரும்பி இருக்கும். கையால திருப்பி ரெண்டையும் ஒரே மாதிரி வச்சா இப்ப தான் கோணலா நிக்குற மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. அந்தக் கோணலா இருக்கிற உணர்வு ரொம்ப முக்கியம். ஏன்னா பழக்கத்தை மாத்தும்போது வர்ற முதல் உணர்வே இது தப்புங்கிறது தான், அதனால தான் ஆளுங்க தன்னையறியாம பழைய இடத்துக்கே போயிடுவாங்க.

அலெக்ஸாண்டர் டெக்னிக்கை உருவாக்கின அலெக்ஸாண்டருக்கு நடந்ததும் இதே தான். 1869-ல டாஸ்மேனியாவுல பிறந்தவர், மேடையில வசனம் ஒப்பிக்கிறவர். பேசப் பேச தொண்டை கட்டிக்கும். டாக்டர் சொன்னபடி ஓய்வெடுத்தா சரியாகும், மேடை ஏறினா திரும்ப வந்துடும். சரி, பேசும்போது நான் என்னமோ பண்றேன்னு முடிவு பண்ணி கண்ணாடி முன்னாடி நின்னு தன்னையே பாத்தார். பேச ஆரம்பிக்கும்போது தலையைப் பின்னாடி இழுக்குறார், குரல்வளையை அமுக்குறார், வாயால மூச்சை சர்ருன்னு உறிஞ்சுறார். சரி, தலையை முன்னாடி விடலாம்னு பண்ணார், முன்னாடி விட்டுட்டேன்னு அவருக்கு உறுதியா தெரிஞ்சது. பக்கவாட்டுல ரெண்டு கண்ணாடி வச்சுப் பாத்தா தலை இன்னும் பின்னாடி தான் போகுது! அதாவது அவரோட உணர்வு அவர்கிட்ட பொய் சொல்லிட்டு இருந்திருக்கு. அதுக்கப்புறம் அவர் சரியானதைச் செய்றதை விட்டுட்டு, பேசணும்னு தோணின அந்த நொடியில ஒண்ணும் செய்யாம நிக்கக் கத்துக்கிட்டார். 1904-ல லண்டன் போய் கடைசி வரைக்கும் அதைத் தான் சொல்லிக் கொடுத்தார். அவர் எழுதின எல்லாத்தையும் நான் ஏத்துக்க மாட்டேன், அந்தக் காலத்து ஆள், எல்லா நோய்க்கும் இதுவே காரணம்ங்கிற தொனி சில இடத்துல வரும். ஆனா இந்த ஒரு கவனிப்பு நிக்கும். என்கிட்ட வர்றவங்கள்ல கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் இதைப் பாக்குறேன்.

இப்ப உங்க விஷயத்துக்கு வாங்க. நேரா உக்காருன்னு சொன்ன உடனே என்ன பண்றீங்கன்னு பாருங்க, நெஞ்சைத் தூக்குவீங்க, இடுப்புக்கு மேல முதுகு இறுகும், தாடை கொஞ்சம் மேல போகும், மூச்சு பாதியில நிக்கும். இதைத் தாங்குற தசைங்க நாள் பூரா அப்படிப் பிடிச்சுட்டு இருக்கிறதுக்கு ஆனது கிடையாது, சீக்கிரம் களைச்சுடும். நீங்க பத்து நிமிஷத்துல மறந்துட்டேன்னு வருத்தப்படுறீங்க, நான் கேட்டா உடம்பு புத்திசாலித்தனமா அதை விட்டுடுச்சுன்னு தான் சொல்வேன். தவிர, உக்கார்ற கோணத்துக்கும் வலிக்கும் நேரடி சம்பந்தம் இருக்குங்கிறதுக்கான ஆதாரமும் பலவீனம். நல்லா கூன் போட்டு உக்காந்து எந்த வலியும் இல்லாதவங்க எத்தனையோ பேர், வாள் மாதிரி நிமிர்ந்து உக்காந்து கழுத்து வலியில துடிக்கிறவங்களும் உண்டு. எல்லாருக்கும் பொருந்துற ஒரே சரியான போஸ்சர்னு ஒண்ணு கிடையாது. ஒரே நிலையில ரொம்ப நேரம் இருக்காம மாத்திக்கிட்டே இருக்கிறது பெரும்பாலானவங்களுக்கு ஒத்துக்கும்.

அப்ப எதைத் தான் கவனிக்கிறது? அசைவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற அந்த அரை நொடியை. பழக்கம் குடியிருக்கிறது அங்க தான். நாற்காலியில உக்காந்து ஒரு கையைப் பிடரியில, மண்டை ஓடு முடிஞ்சு கழுத்து ஆரம்பிக்கிற இடத்துல, லேசா வச்சுக்குங்க. இப்ப எந்திரிக்கணும்னு நினைங்க, ஆனா எந்திரிக்காதீங்க. சும்மா நினைச்சதுக்கே விரலுக்கு அடியில தசை ஒரு துளி திரள்றது தெரியலாம். அப்புறம் நிஜமாவே மெதுவா எந்திரிங்க. இடுப்பு நாற்காலியை விடுறதுக்கு முன்னாடியே தலை பின்னாடி சாஞ்சு கழுத்து குறுகி மூச்சு நின்னு தோள் ரெண்டும் காதைப் பாத்து ஏறுதான்னு பாருங்க. எந்திரிக்கிறதுக்கு கால் தசையும் இடுப்பும் போதும், கழுத்து அங்க இப்படி இறுக வேண்டிய வேலை இல்ல. ஆனா ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை உக்காந்து எந்திரிக்கிறோம், அத்தனை தடவையும் கழுத்து அந்த வேலைக்கு ஆஜராகுது. இதை முதல் தடவை கையில உணர்றவங்க முகம் மாறுறதைப் பாத்திருக்கேன், எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச நிமிஷம் அது தான்.

அடுத்த படி, எந்திரிக்கணும்னு தோணினதும் உடனே எந்திரிக்காம ஒரு மூச்சு விடுற நேரம் அப்படியே இருக்கிறது. அந்த நேரத்துல பாதம் தரையில இருக்கா, உக்கார்ற எலும்பு, அதாவது உக்காரும்போது நாற்காலியில அழுந்துற இடுப்பெலும்போட அடி முனை, நாற்காலியில இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு, இப்ப எந்திரிக்கலாம், எந்திரிக்காமலும் இருக்கலாம்னு நிஜமாவே ரெண்டு வழியையும் திறந்து வைங்க. அப்புறம் தலை முன்னாடி மேல போக, இடுப்புலேர்ந்து மடங்கி எந்திரிங்க. கழுத்து இறுகினா இறுகட்டும், திருத்த வேண்டாம், தெரிஞ்சா போதும். திருத்தப் போனா அந்த இடத்துல இன்னொரு இறுக்கம் வரும், அலெக்ஸாண்டருக்குக் கண்ணாடியில வந்த மாதிரி.

ஃபெல்டன்கிரைஸ் முறையை உருவாக்கின மோஷே ஃபெல்டன்கிரைஸ் இன்னொரு வாசல் வழியா வந்தார். 1904-ல பிறந்து 1984-ல இறந்தவர், இயற்பியல் படிச்சவர், ஜூடோ ஆள், முட்டி அடிபட்டு நடக்கச் சிரமப்பட்டப்போ தன் அசைவையே ஆராய ஆரம்பிச்சார். அவர் பிடிச்ச நூல் என்னன்னா 19-ஆம் நூற்றாண்டுல ஏர்ன்ஸ்ட் வெபர்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி சொன்ன ஒரு விதி. கையில ஒரு பெரிய எடையைத் தூக்கி வச்சிருக்கும்போது அது மேல ஒரு சின்னக் காகிதக் கட்டை வச்சா தெரியாது, வெறும் புத்தகம் மட்டும் இருந்தா அதே கட்டு தெரிஞ்சுடும். முயற்சி கூடக் கூட நுணுக்கம் மங்கும். அதனால அவர் பாடங்கள் எல்லாம் படுத்துக்கிட்டு, ரொம்பச் சின்னதா, ரொம்ப மெதுவா, வலி வர்றதுக்கு வெகு முன்னாடியே நின்னுட்டு பண்ற மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி வச்சுக்கிட்டு தலையை ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் வலது பக்கம் உருட்டி நடுவுக்கு வாங்க, சில தடவை பண்ணதும் அப்படியே படுத்து ஓய்வு எடுங்க. அப்புறம் தலை வலப்பக்கம் போகும்போது கண் இடப்பக்கம் போற மாதிரி பண்ணுங்க. முதல்ல தடுமாறும், அப்ப மூச்சு நிக்குதான்னு மட்டும் பாருங்க. கடைசியா சாதாரணமா தலையைத் திருப்பினா பல பேருக்கு முன்னைவிட சுலபமா போகும். தசையை இழுத்து விடவே இல்ல, ஆனாலும் போகுது. சில சமயம் இந்த மாற்றம் அரை மணி நேரத்துல மறைஞ்சும் போயிடும்ங்கிறதையும் சொல்லிடறேன், அது திரும்பத் திரும்பப் பண்ணினா தான் நிக்கும்.

சரி, வலிக்கு வருவோம். இங்க எது உறுதி எது சந்தேகம்னு பிரிச்சுச் சொல்றது என் கடமை. உறுதியா தெரிஞ்ச விஷயம், வலியோட அளவும் உள்ள இருக்கிற சேதாரத்தோட அளவும் ஒண்ணா போறதில்ல. வலியே இல்லாத 3,110 பேரோட முதுகு ஸ்கேன்களைச் சேர்த்துப் பாத்து 2015-ல வந்த ஒரு ஆய்வுல, 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் தள்ளியிருந்தது, 80 வயசுல அது 84 சதவீதம். அது கீழ்முதுகைப் பத்தினது, உங்களுக்குக் கழுத்து, ஆனாலும் உங்க ரிப்போர்ட்ல லேசா டிஸ்க் தள்ளியிருக்குன்னு பாத்துட்டு அதனால தான் வலின்னு நீங்களா முடிவு கட்டிடாதீங்க. இதுவும் நல்லா கவனிக்கப்பட்ட விஷயம், நீண்டநாள் முதுகு வலி இருக்கிறவங்களுக்கு அந்த இடத்துல தொடு உணர்வே மங்கலா இருக்கலாம். ரெண்டு முனையால தொட்டா அது ஒண்ணா ரெண்டான்னு சொல்றதுக்கு மத்தவங்களைவிட அவங்களுக்கு அதிக இடைவெளி தேவைப்படுது. எங்க வலிக்குதோ அங்க நம்ம உணர்வு கூர்மையா இருக்கும்னு தான் நினைப்போம், நிலைமை தலைகீழ்.

சிகிச்சைக்கான ஆதாரம்னு எடுத்தா, அலெக்ஸாண்டர் டெக்னிக் பத்தி ரெண்டு பெரிய ஆய்வு இருக்கு, ரெண்டும் இங்கிலாந்துல நடந்தது. ஒண்ணு 2008-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது, நாள்பட்ட இல்ல அடிக்கடி திரும்ப வர்ற முதுகு வலி உள்ள 579 பேர். ஒரு வருஷம் கழிச்சு, கடைசி 4 வாரத்துல எத்தனை நாள் வலி இருந்ததுன்னு கேட்டா வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்க 21 நாள்னு சொன்னாங்க, 24 பாடம் எடுத்தவங்களுக்கு அது 3 நாள், 6 பாடம் மட்டும் எடுத்தவங்களுக்கு 11. 6 பாடத்தோட எக்சர்சைஸும் சேர்த்துப் பண்ணவங்களுக்கு 24 பாடத்தோட பலன்ல முக்கால்வாசி கிடைச்சது. இன்னொண்ணு 2015-ல, கழுத்து வலி உள்ள 517 பேர், உங்களுக்கு இது தான் பொருந்தும். 20 பாடம் எடுத்தவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சும் வலியும் அதனால வர்ற சிரமமும் ஆரம்பத்துல இருந்ததைவிட சராசரியா 31 சதவீதம் குறைஞ்சிருந்தது, சும்மா வழக்கமான சிகிச்சையைவிட இது நல்ல பலன். ஆனா அதே ஆய்வுல அக்குபஞ்சர் எடுத்துக்கிட்டவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைஞ்சது. இதை என் தொழில்காரங்க பேசும்போது பெரும்பாலும் விட்டுடுவாங்க, நான் விட மாட்டேன். ஏன்னா ஒருத்தர் உங்களை மாசக்கணக்கா அக்கறையா கவனிக்கிறதும், தொட்டுப் பாக்குறதும், நம்பிக்கை வர்றதுமே அந்தப் பலன்ல ஒரு பங்கு இருக்கலாம், இந்த மாதிரி ஆய்வுகள்ல யாருக்கு எந்தச் சிகிச்சைன்னு மறைக்கவும் முடியாது. 31 சதவீதம்னா என்னன்னும் யோசிங்க, வலி போயிடலை, குறைஞ்சிருக்கு.

உடம்பை ஒவ்வொரு பாகமா கவனிக்கிற பாடி ஸ்கேன் கேள்விப்பட்டிருப்பீங்க, ஜான் கபாட்-ஸின் 1979-ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியில அது ஒரு பகுதி. முதுகு வலி உள்ள 342 பேரை வச்சு 2016-ல வந்த ஆய்வுல அந்தப் பயிற்சி எடுத்தவங்கள்ல சுமார் 61 சதவீதம் பேருக்கு 26 வாரத்துல அன்றாட வேலை செய்றதுல சொல்லும்படியான முன்னேற்றம், வழக்கமான சிகிச்சையில 44 சதவீதம். ஃபெல்டன்கிரைஸுக்கு இருக்கிற ஆய்வுகள் எல்லாம் சின்னது, என் அனுபவத்துல அது நல்ல முறை, ஆனா அனுபவம் ஆதாரம் ஆகாது. ஏன் வேலை செய்யுதுங்கிறது தான் இதுல ரொம்ப சந்தேகமான பகுதி. தேவையில்லாத இறுக்கம் குறைஞ்சு கழுத்து மேல சுமை குறையுதுங்கலாம், மூளையில அந்த இடத்தோட வரைபடம் தெளிவாகுதுங்கலாம், அசைஞ்சா ஆபத்துங்கிற பயம் போகுதுங்கலாம். நான் மூணாவதுக்குத் தான் அதிக எடை கொடுப்பேன். கழுத்தைத் திருப்பினா ஒண்ணும் ஆகலன்னு உடம்பு நேர்ல கத்துக்கிறது எந்த விளக்கத்தைவிடவும் பலமானது.

இங்க ஒரு எச்சரிக்கை, தயவு செஞ்சு இதை வேகமா படிச்சுட்டுப் போயிடாதீங்க. கவனிக்கச் சொன்னது வலியை இல்ல. இப்ப வலிக்குதா, இப்ப எவ்வளவு, காலையைவிட அதிகமான்னு நாள் பூரா காவல் காத்தா வலி பெருசாகும். பதட்டம் அதிகம் உள்ளவங்களுக்கு உடம்பைக் கவனிங்கன்னு சொல்றதே சில சமயம் தீங்கா முடியும். கவனம் போக வேண்டியது தரை எங்க தாங்குது, மூச்சு எங்க போகுது, நான் எங்க அளவுக்கு மீறி பலம் போடுறேன் இதுங்க மேல. வலி கூப்பிட்டா, சரி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு பாதத்துக்கோ, அறையில தூரத்துல இருக்கிற ஏதாவது பொருளுக்கோ பார்வையைக் கொண்டு போங்க. விளையாட்டுல அசைவு கத்துக்கிறவங்களை வச்சு கேப்ரியேல் வுல்ஃப் பல வருஷமா பண்ண ஆராய்ச்சியும் இதை ஒட்டியே போகுது, தசை மேல கவனம் வச்சா அசைவு தடுமாறுது, அசைவோட விளைவு மேல கவனம் வச்சா சரளமா வருது. அதனால உள்ள பாக்குறது கத்துக்கிற நேரத்துக்கு மட்டும், கொஞ்ச நொடி போதும். மத்த நேரம் வேலையைப் பாருங்க.

நடைமுறைக்கு வந்தா, நான் ரெண்டே ரெண்டு விஷயம் தான் சொல்வேன். தினமும் பத்து, பதினைஞ்சு நிமிஷம் தரையில மல்லாந்து படுத்து, தலைக்கு அடியில ஒண்ணு ரெண்டு மெல்லிய புத்தகம், முட்டி மடங்கி பாதம் தரையில, கை வயித்து மேல. தலை பின்னாடியும் சாயக் கூடாது, தாடை தொண்டையை அமுக்கவும் கூடாது, அதுக்கு எத்தனை புத்தகம் வேணுமோ அத்தனை. கண் திறந்தே இருக்கட்டும், தூங்க வேண்டாம். முதுகைத் தரையில அமுக்க வேண்டாம், அதுவா எவ்வளவு இறங்குதோ இறங்கட்டும். ரெண்டாவது, தினசரி பண்ற ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுத்து அதுல மட்டும் அந்த அரை நொடியைப் பிடிங்க, ஃபோன் எடுக்கிறதோ, கதவு திறக்கிறதோ, நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கிறதோ. ரெண்டு மூணு வாரம் அது ஒண்ணு தான். மணிக்கு ஒரு தடவை அலாரம் வச்சு போஸ்சர் சரி பண்றதைவிட இது நல்லா ஒட்டும், ஏன்னா பழக்கம் கடிகாரத்தோட ஒட்டிக்கிட்டு இல்ல, காரியத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. முதல்ல காரியம் முடிஞ்சப்புறம் தான் ஞாபகம் வரும், அடடா எந்திரிச்சுட்டோமேன்னு. அது தோல்வி கிடையாது, அது தான் ஆரம்பம். கொஞ்ச நாள் போனா நடுவுல ஞாபகம் வரும், அப்புறம் ஒரு நாள் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. எக்சர்சைஸை விட்டுடாதீங்க, கழுத்துக்கும் தோளுக்கும் பலம் வேணும், அதை இது ஈடு கட்டாது. பண்ணும்போது பல்லைக் கடிக்காம, மூச்சைப் பிடிக்காம பண்ண முடியுற எடையோட பண்ணுங்க.

வலியை மட்டும் வச்சு முன்னேற்றத்தை அளக்காதீங்க, அது தூக்கம், கவலை, வேலைப் பளு எல்லாத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். பின்னாடி திரும்பிப் பாக்க முடியுதா, வலி வந்தா எவ்வளவு சீக்கிரம் அடங்குது, வலிக்குப் பயந்து விட்ட வேலை எதையாவது திரும்பப் பண்றீங்களா, இதைப் பாருங்க. மூணு மாசம் ஒழுங்கா பண்ணியும் இதுல எதுவுமே மாறலைன்னா இது உங்களுக்கான வழி இல்லாம இருக்கலாம், வேற பாருங்க, அதுல தப்பே இல்ல. ஆசிரியர்கிட்ட போக முடிஞ்சா நல்லது, ஏன்னா நம்ம உணர்வே நம்பகமில்லங்கும்போது இன்னொருத்தர் கையும் கண்ணும் உதவும். அலெக்ஸாண்டர் ஆசிரியர் பயிற்சி பொதுவா 3 வருஷம், சுமார் 1,600 மணி நேரம். அதனால எங்க, எவ்வளவு காலம் படிச்சீங்கன்னு தாராளமா கேளுங்க. உங்க முதுகெலும்பு விலகியிருக்கு, நான் உக்கார வச்சாத்தான் சரியாகும்னு பயமுறுத்துறவங்க, மாத்திரையை நிறுத்தச் சொல்றவங்க இவங்ககிட்டேர்ந்து விலகிடுங்க.

உங்களை நேர்ல பாக்காம நான் எழுதறதுக்கு ஒரு எல்லை இருக்கு. கை பலம் குறையுது, பட்டன் போட விரல் தடுமாறுது, நடை தள்ளாடுது, கழுத்தைக் குனிஞ்சா முதுகுல ஷாக் அடிச்ச மாதிரி ஓடுது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு மாறுது, காரணமில்லாம எடை குறையுது, காய்ச்சல் வருது, விழுந்து அடிபட்டப்புறம் வலி வந்தது, இப்படி எது இருந்தாலும் இந்தப் பயிற்சியை எல்லாம் ஓரமா வச்சுட்டு உடனே டாக்டரைப் பாருங்க, பழைய எம்ஆர்ஐ நல்லா இருந்ததேன்னு இருந்துடாதீங்க. வலது தோள் வலி சாப்பிட்டப்புறம் வருது, கூட வலது விலாவுக்குக் கீழயும் வலிக்குதுன்னா அது பித்தப்பையிலேர்ந்து வர்றதா இருக்கலாம், அதையும் சொல்லிப் பாருங்க. நடந்தாலோ படி ஏறினாலோ தோள், தாடை, கைன்னு வலி பரவினா இதயத்தைப் பாக்கச் சொல்லணும்.

இதெல்லாம் இல்லன்னா நீங்க எடுத்துக்க வேண்டிய அந்த ஒரு காரியம் என்னைக் கேட்டா மௌஸ் தான். வலது தோள்னு சொல்றீங்க, நாள் பூரா கம்ப்யூட்டர்ங்கிறீங்க. இடது கையை வலது தோள் மேல, கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவுல வச்சுக்கிட்டு மௌஸை எடுக்கப் போங்க. கை நகர்றதுக்கு முன்னாடி தோள் மேல வருதா பாருங்க. மௌஸைப் பிடிச்சப்புறம் ஆள்காட்டி விரல் பட்டன் மேல படுத்திருக்கா, இல்ல எப்ப வேணா அமுக்கத் தயாரா ஒரு நூல் இழை உயரத்துல தூக்கியே இருக்கான்னு பாருங்க. நிறைய பேருக்குத் தூக்கியே இருக்கும், அந்த ஒரு விரலைத் தூக்கி வைக்கிறதுக்கு முன்கை தசை மணிக்கணக்கா வேலை செய்யும், தோளும் கூடவே போகும். ஸ்க்ரீன்ல ஏதாவது லோட் ஆகுற நேரம் அந்த விரலைக் கீழ விடுங்க, முடிஞ்சா கையையே மௌஸ்லேர்ந்து எடுத்து மடியில வச்சுடுங்க. திரும்ப எடுக்கப் போகும்போது முதல்ல விரல் போகட்டும், அப்புறம் மணிக்கட்டு, முழங்கை, தோள் கடைசியா வந்தா போதும். ரெண்டு வாரம் இதை மட்டும் பண்ணிட்டு தோள் என்ன சொல்லுதுன்னு எழுதுங்க, அதை வச்சு அடுத்து என்னன்னு பேசுவோம்.